கீழ் வரிசைக் கோழி

மோகனூர் சாலையில் அன்று மாலை வண்டிகள் நகரவில்லை. கோழிக் கூண்டுகள் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் பழுதாகி நின்றுவிட்டது. காற்றில் வெள்ளை இறகுகள் பறந்து வந்து என் ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டின. ஸ்கூட்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன்.

பின்னால் என் மகள் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயதுப் பெண் உட்கார்ந்திருக்கிற கனமே வண்டியில் தெரியவில்லை. இருக்கிறாளா என்று அவ்வப்போது கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா, அதை ஏன் சுத்திக்கிட்டே இருக்க உட்டிருக்காங்க?"

திரும்பினேன். சாலையோரத்தில் ஒரு சிறிய உணவகம். வாசலில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே கம்பிகளில் கோர்த்த கோழிகள், பின்னால் எரிந்த நெருப்பின் செம்மஞ்சள் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய சில வாரங்களில் அவள் என்னிடம் கேள்வி என்று எதுவும் கேட்டிருக்கவில்லை. "வேண்டாம்", "போதும்", "அப்பறம்". இந்த மூன்று பதில்களிலேயே எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன்.

தீனி எடுக்கலீங்க

இந்தத் தொடரை இன்றுதான் முதலில் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தர்ஷினி விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் போகிற நேரத்தைப் படிப்புக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். முதலில் காலைப் பலகாரத்தை விட்டாள். பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டாள். அதன் பிறகு பசி அவளை விட்டுப் போய்விட்டது.

காலை வழிபாட்டு வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்று போன் வந்தது.

அந்தப் போன் மணியை மாற்றிவிட்டேன். புதிதாக வைத்த மணிக்கும் நெஞ்சு அதேபோல் அடித்துக்கொள்கிறது. இதை எழுதும்போது பக்கத்து வீட்டில் யாருக்கோ போன் வந்தது; பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வடக்கே எங்கெங்கோ போர் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் திரிகிற வேலை. வந்து மகளைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பிறகு கிளம்பிப் போனார். போகாமல் முடியாது. பள்ளிக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. மருத்துவச் செலவு அதற்கு மேல். ஆகவே வீட்டில் நானும் அவளும், இழுத்துப் பிடித்துச் செலவு செய்யும் ஒரு சமையலறையும்.

நான் செய்கிற வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். வேதியியல் படித்துவிட்டுக் கோழித் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். நாமக்கல்லில் அதுவும் ஒரு வேலை. பண்ணைக்காரர்கள் கூப்பிடுவார்கள்.

"மேடம், நேத்துல இருந்து கோழி தீனி எடுக்கலீங்க."

நான் வரிசையாகக் கேட்பேன். தண்ணீர் எப்படி, வெக்கை எப்படி, தீவன மூட்டை மாற்றினீர்களா. எல்லாம் சரி என்றால் கடைசியாக ஒன்று சொல்வேன். "தொட்டியில மொத்தமாக் கொட்டாதீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் போட்டு, நடுநடுவுல போயிக் கிளறி உடுங்க. என்னமோ புதுசா வந்திருக்குதுன்னு எட்டிப் பாக்கும்."

எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்! என் வீட்டில் மட்டும் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மருத்துவரிடம் போய்விட்டுத்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூக்கு வழியாகக் குழாய் என்பதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். தர்ஷினி சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு போணி

கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். கடைக்காரர் தோளில் துண்டோடு எழுந்து வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணா, சுத்தாம நிறுத்தி வெச்சா என்னாகும்?"

"ஒரு பக்கம் கருகிப்போயிரும் சாமி, ஒரு பக்கம் வேகாம நிக்கும். சுத்துனாத்தான் ஒழுகற எண்ணெ திரும்ப அது மேலயே பூசும்."

"அப்ப மேல் கம்பிக் கோழியில இருந்து சொட்டறது?"

"கீழ இருக்கறது மேல உழும்."

அவள் யோசித்தாள். நெற்றியில் அந்தச் சின்னச் சுருக்கம் விழுந்தது. அதைப் பார்த்தே நாளாகியிருந்தது.

"அப்ப கீழ் வரிசைக் கோழிதான் ருசியா இருக்கணும். மேல இருக்கற எல்லாக் கோழியோட மசாலாவும் அது மேல உழுகுது."

கடைக்காரர் பெட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்தார். "இத்தன வருசமாக் கடை வெச்சிருக்கறன். இதை யோசிச்சதே இல்லீங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, கீழ் வரிசையில ஒண்ணு வாங்கலாமா?"

கேட்டுவிட்டாள். அவளாகக் கேட்டுவிட்டாள். நானோ தயங்கினேன். ஏனென்றால் அது புரட்டாசி மாதம்.

எங்கள் வீட்டில் புரட்டாசியில் கறி வாசனையே வராது. பெருமாள் மாதம். முட்டையைக்கூடத் தொட மாட்டோம். முட்டை ஊரில் இருந்துகொண்டு. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், கடை காலியாகக் கிடந்ததும் அதனால்தான். அந்த வருடம் நான் வழக்கத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாத மாதம் அது.

ஓரமாகப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் ரிக் இரைந்துகொண்டிருந்தது.

"என்ன? புள்ளைக்கு என்னாச்சு?" இப்போதெல்லாம் அவருடைய முதல் வார்த்தை அதுதான்.

"ஒண்ணுமில்லீங்க. தர்ஷி கிரில் சிக்கன் கேக்கறா. புரட்டாசியாச்சேன்னு..."

"கேக்கறாளா? அவளாக் கேட்டாளா?"

"அவளாத்தான் கேட்டா."

"அப்பறம் எதுக்குப் புள்ள எனக்குப் போன் பண்ணிட்டு நிக்கற? அது ஆறிப்போறதுக்குள்ள வாங்கு. பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்."

வாங்கினேன். பாதியா முழுசா என்று கேட்டார் கடைக்காரர். முழுதாகவே வாங்கினேன். பாதிக் கோழியை எடுத்துக்கொண்டு போனால் அவள் பசியை நானே பாதியாகப் பேசி முடிவு செய்வதுபோல் எனக்குப் பட்டது.

"அம்மிணி, புரட்டாசி பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் சாயங்காலப் போணி" என்று சொல்லி, எலுமிச்சையும் வெங்காயமும் கூடுதலாக வைத்துக் கட்டினார்.

கரித்துண்டு

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு சரசக்கா. ராசிபுரத்துக்காரர். ஊர்ப் பக்கமிருந்து நெய் வரும்போதெல்லாம் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். புரட்டாசி விரதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொட்டலத்தோடு நான் கேட்டைத் திறக்கும்போது அவர் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். மூக்கு முதலில் கண்டுபிடித்தது.

"ஏங்கண்ணு, என்ன வாசம் இது? புரட்டாசியிலயா?"

"தர்ஷிக்குங்க்கா. அவளாக் கேட்டா."

சரசக்கா அவளைப் பார்த்தார். பெரிய சொற்பொழிவு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சரி, அது போகட்டும். பொழுது போற நேரத்துல கறியை இப்படி வெறுமனே தூக்கிட்டு வந்திருக்கியே, கரித்துண்டு வெச்சயா?"

அந்தி நேரத்தில் சமைத்த கறியை வெளியே கொண்டுபோனால் மேலே ஓர் அடுப்புக்கரித் துண்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காத்து கருப்பு அண்டாது என்பார்கள்.

"பெட்டியில இருந்து நேரா வண்டிக்கு வந்துட்டோம்க்கா, கரிக்கு எங்க போறது?"

"தப்புப் பண்ணாலும் மொறையோட பண்ணணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைக் கொண்டுவந்து பொட்டலத்துக்குள் திணித்தார். "இந்தா. புள்ள நல்லாத் திங்கட்டும். நான் கரி குடுத்தேன்னு வெளிய சொல்லாத."

தர்ஷினியின் உதட்டோரத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே

அவள் ஓர் இறக்கையின் மொறுமொறுத் தோலை உரித்துத் தின்றாள். தொடையில் கொஞ்சம் கிள்ளினாள். "கீழ் வரிசைதான் சரி" என்றாள். பிறகு, "போதும்."

அவ்வளவுதான். கோழி முழுதும் அப்படியே இருந்தது.

நான் எதிர்பார்த்தது வேறு. ஒரே வேளையில் எல்லாம் மாறிவிடும் என்று மனம் ஆசைப்பட்டிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீசியெறிய மனம் வராது. அந்த வாரத்தில் இன்னொன்று வாங்கவும் வழியில்லை. முழுதாகச் சூடுபண்ணினால் நெஞ்சுக்கறி கயிறாகிவிடும். ஆகவே இருப்பதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும், இதுதான் முதல் பாடம். சூட்டில் கறி எலும்பை விட்டுத் தானாக வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆறினால் பிடிவாதம் பிடிக்கிறது. நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்து ஒரு டப்பா. தொடையும் முதுகும் தந்த சில்லறைக் கறி இன்னொரு டப்பா. எலும்பு, கழுத்து, தோலின் மிச்சம், பொட்டலத்தின் அடியில் தேங்கிய மசாலா, எல்லாவற்றையும் வழித்து மூன்றாவது டப்பா. கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு என்பதால் உடனே குளிர்ப்பெட்டிக்குள்.

மறுநாள் நெஞ்சுக்கறியை எடுத்தேன். பள்ளிபாளையம் பக்கத்து முறையில் செய்யலாம் என்று நினைப்பு. சின்ன வெங்காயம் நிறைய, விதை எடுத்துக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், பல் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை. பச்சைக்கறி என்றால் இவற்றோடு சேர்ந்தே வேகும். இது ஏற்கெனவே வெந்த கறி. எல்லாம் வதங்கி முடிந்த பிறகு கடைசியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கிவிட வேண்டும். கறி ஒரு பங்கு என்றால் வெங்காயமும் தேங்காயும் அதைப்போல் இரு பங்கு; சட்டி நிறைந்து தெரியும்.

சிக்கல் உப்பில் வந்தது. கடை மசாலாவில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நானோ விரதம்.

"தர்ஷி, இங்க வந்து ஒரு வாய் உப்புப் பாரு சாமி. நான் வாய் வெக்கக்கூடாது."

வந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வராதவள், உப்புப் பார்க்க வந்தாள். ஒரு நாரை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள்.

"ஒரே ஒரு கல்லு போடுங்க."

கல்லுப்பு டப்பாவில் இருந்து ஒரே ஒரு கல் எடுத்துப் போட்டேன். புரட்டினேன். மறுபடி பார்த்தாள். "இன்னும் ஒரு கல்லு."

இவ்வளவு பெரிய சட்டியில் ஒரு கல் உப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்! எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கருவி இருந்தால் பாதி வேலை மிச்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் தட்டு வைத்தபோது வழக்கம்போல் கொறித்துவிட்டு எழுந்துவிட்டாள். ஆனால் அடுப்படியில் நின்றபடி, கரண்டி கரண்டியாக, ஒரு கிண்ணம் அளவுக்கு உள்ளே போயிருந்தது.

சட்டியைக் கழுவும்போது, தொட்டியில் தீவனத்தைக் கிளறிவிடச் சொல்லும் என் குரலே எனக்குக் கேட்டது.

இது எந்த எலும்பு?

அடுத்தது எலும்புச் சாறு. மூன்றாவது டப்பாவை அப்படியே குக்கரில் கவிழ்த்தேன். தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லித் தண்டு, மஞ்சள், குக்கர் முக்காலுக்குத் தண்ணீர். விசில் வந்தபின் தீயைச் சிம்மில் வைத்து வெகுநேரம் விட்டேன்.

திறந்து கிளறினால் சாறு கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. மிளகு அதிகமோ என்று நினைத்து உப்புப் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டேன். கரண்டியை விட்டு அடியில் துழாவியவள், கருப்பாக ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது கோழியில எந்த எலும்பு?"

சரசக்காவின் கரித்துண்டு. பொட்டலத்தின் அடியில் மசாலாவோடு கிடந்ததை நான் சேர்த்து வழித்திருக்கிறேன்.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்தேன். குக்கரைத் தூக்கிக் கொட்டப் போனேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"கொட்டாதீங்க. கரிதானே? துணியில வடிகட்டுனாப் போச்சு. காத்து கருப்பு எதுவும் இந்தச் சாத்துக்குள்ள வந்திருக்காது, அது மட்டும் உறுதி."

வடிகட்டினோம். ஒரு கரண்டி ஊதிக் குடித்தாள். "பொகை வாசம் நல்லாருக்குது. ஒரு கல்லு போடுங்க."

மிஞ்சிய சாற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை அதைத் திறந்தவள் அலறினாள்.

"அம்மா! கெட்டுப்போச்சு!"

பாத்திரத்தைச் சாய்த்தாள். சாறு சரியவில்லை. தட்டினால் நடுங்கியது. கெட்டித் தயிர்போல் உறைந்திருந்தது. கெடவில்லை, எலும்பு மூட்டிலும் தோலிலும் இருக்கிற கொலாஜன் கொதியில் கரைந்து, குளிரில் இப்படி உறைகிறது என்றேன். சூடு காட்டினால் மறுபடி சாறாகிவிடும்.

"நெசமாவா?" கரண்டியால் வெட்டி எடுத்தாள். வெயில் பட்ட கரண்டியில் அது பொன் நிறத்தில் ஆடியது. நாக்கில் வைத்தாள், அது கரைவதைக் கவனித்துக்கொண்டே நின்றாள். பாடப் புத்தகத்தில் கொலாஜனை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அது கரண்டியில் நடுங்குவதை அன்றுதான் பார்த்தாள்.

சில பழைய கோழிகள்

இந்த உறைகிற சாறு எனக்குப் புதிதல்ல. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அயோத்தியாப்பட்டணத்தில் இருந்தபோது, பேருந்து நடத்துநராக இருந்த என் அப்பா முட்டையிட்டு ஓய்ந்த கோழியைத்தான் வாங்குவார். விலை மலிவு. பல்லுக்கு வேலை அதிகம். "இது கோழியில்லைங்கய்யா, டயர்" என்பான் என் தம்பி. அந்தக் கறியை யாரும் ரசித்துத் தின்றதாக நினைவில்லை. ஆனால் மிஞ்சிய குழம்பு மறுநாள் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. வயதான கோழியில் மூட்டும் தோலும் கெட்டி. உறைவதற்கான சரக்கு அதில் அதிகம். அன்று எங்களுக்கு அது ஒரு வேடிக்கை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தர்ஷினி கேட்டாள். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் உறையுமா? குக்கரில் வைத்தால் அதிகமா, திறந்த சட்டியில் மெல்லக் கொதித்தால் அதிகமா? அடுத்த வாரக் கோழியின் எலும்பை இரண்டாகப் பங்கு போட்டு இரண்டு விதமாகவும் வைத்தோம். இரண்டு டம்ளர்கள் குளிர்ப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காலையில் எழுந்ததும் நேராக அங்கே போனாள். சட்டிச் சாறு தெளிவு; குக்கர் சாறு கலங்கல், ஆனால் அதுதான் கெட்டி. எதில் ருசி என்று தெரிய இரண்டையும் குடித்துத்தானே ஆக வேண்டும்?

வாரம் ஒரு கோழி, கீழ் வரிசையில் இருந்து. அதற்கு மேல் எங்கள் கைக்கு எட்டாது. முதல் நாள் நெஞ்சுக்கறிப் புரட்டல். சில்லறைக் கறியைக் காய்ந்த சப்பாத்தியோடு கொத்திப் போட்டு ஒரு வேளை. எலும்புச் சாறு பல வேளை. எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையைப் பிழிந்து அதன்மேல் ஊற்றினால் ஒரு விருந்து. அரிசிம்பருப்புச் சாதத்தைத் தண்ணீருக்குப் பதில் சாற்றில் வேகவைத்தால், கறி ஒரு துண்டுகூட இல்லாமலே கறிச்சோற்று வாசம் வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் உப்புப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "ஒரே ஒரு கல்லு."

நடுவில் ஒரு சனிக்கிழமை, பெருமாளுக்குப் படையல். படையல் சமையலை யாருமே வாயில் வைக்கக் கூடாது, படைத்த பிறகுதான். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப இன்னைக்கு எனக்கு வேலையில்லையா?"

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிழிக்காத தாள்

மருத்துவரிடம் மறுபடி போனோம். அவள் எடை மேடையில் ஏறும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருத்துவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். "ஏறியிருக்கு, கொஞ்சம்தான். ஆனா ஏறியிருக்கு" என்றார். படுக்கை, குழாய் என்ற பேச்சு வரவில்லை. "வீட்ல என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். எலும்புச் சாறு என்றேன். அது மட்டும் போதாது, சோறும் சேர்ந்து போக வேண்டும் என்றார். போகிறது, கரண்டியில் போகிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

வெளியே வந்து வண்டிச் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

புரட்டாசி முடிந்தது. முடிந்ததும் எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. விரதம் போனால் நானே உப்புப் பார்க்கலாம். நானே பார்த்தால் அவளை எதற்குக் கூப்பிடுவது?

நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தாளைக் கிழிப்பது என் வேலை. புரட்டாசியின் கடைசித் தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் மட்டும் புரட்டாசி நடந்துகொண்டே இருந்தது. அவளிடம் யாரும் தேதி கேட்கப் போவதில்லை; பள்ளி, விடுதி என்ற பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. போனில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "பெருமாள் கணக்குல இதையும் சேத்துப் பேசிர்றேன்" என்றார்.

அப்படிச் சில நாள்கள் ஓடின. ஒரு நாள் மதியம் அரிசிம்பருப்புச் சாதத்துக்குச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

"தர்ஷி, உப்புப் பாரு சாமி."

வந்து பார்த்தாள். "ஒரே ஒரு கல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டேன். திரும்பக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் கரண்டியை எடுக்கவில்லை. காலண்டரிடம் போய், தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். நிதானமாக, இன்றைய தேதி வரும் வரைக்கும்.

"ஐப்பசி பொறந்தாச்சும்மா."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"சரசக்கா ஊட்டு மீன்கொழம்பு வாசம் முந்தாநேத்தே வந்துருச்சு. அவுங்க ஊட்டுல மீன் கொதிச்சா புரட்டாசி முடிஞ்சுதுன்னு நாமக்கல்லுக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சாமி, கூப்புட்டப்பல்லாம் வந்து பாத்த?"

கிழித்த தாள்களை மடித்து மேடையில் வைத்தாள். சாறு தளதளத்துக்கொண்டிருந்தது.

"தட்டு வெச்சா பயமா இருக்குதும்மா. முழுசா முடிக்கணுமேன்னு. கரண்டின்னா பயமில்ல."

நான் தீயைக் குறைத்தேன். அவள் கரண்டியை எடுத்து, சாற்றை மோந்து, ஊதி, என் வாயருகே கொண்டுவந்தாள்.

"இன்னைக்கு நீங்க பாருங்க."

குடித்தேன். இத்தனை வாரமாக நான் சமைத்ததை முதல் தடவையாக நானே ருசித்தேன். மிளகு, சீரகம், எங்கோ அடியில் நெருப்பின் வாசம். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. ஒரு கல்லுக்கு முன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அதற்கு முந்தைய கல்லுக்கு முன்னாலும்.

"உப்பு சரியாத்தானே இருக்குது? இப்பத்தான் பத்தலைன்னு சொல்லிட்டுப் போன?"

தர்ஷினி கரண்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்படிச் சொன்னாத்தானே மறுபடி கூப்புடுவீங்க."

நான் உப்பு டப்பாவைத் திறந்து, தேடி, இருப்பதிலேயே சின்னதாக ஒரு கல்லை எடுத்துச் சாற்றில் போட்டேன்.